கிளிமூக்கு விசிறிவால் வளர்க்கப் போகிறீர்களா? பெட்டையில் தொடங்குங்கள்

கிளிபோல் வளைந்த மூக்கும் நீண்ட வாலும் உள்ள கிளிமூக்கு விசிறிவால் கோழி வளர்க்க ஆசைப்பட்டு வருகிறவர்கள் எடுத்ததும் சேவல் விலையைத்தான் கேட்கிறார்கள். திண்டுக்கல் கோழிக் கண்காட்சியில் வாலைத் தரைக்கு இணையாக விரித்து நிற்கும் சேவலைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் கையில் இருக்கும் காசில் பெரிய பங்கைப் பெட்டைக்குப் போடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். குஞ்சுக்குப் பாதி குணம் தாயிடமிருந்து வருகிறது. நல்ல சேவலைத் தெரிந்தவர்களிடம் கேட்டுச் சில நாள் இணைக்கு விடலாம். நல்ல பெட்டையை யாரும் இரவல் தர மாட்டார்கள்.

பெட்டையைக் கையில் தூக்கிப் பாருங்கள். மூக்கு குட்டையாக, தடித்து, கிளிக்கு இருப்பதுபோல் கீழ்நோக்கி வளைந்திருக்க வேண்டும். மேல் அலகும் கீழ் அலகும் கோணாமல் பொருந்த வேண்டும். கோணினால் தீவனம் எடுக்கவே சிரமப்படும். கண் வெளுத்திருக்கட்டும். பூ, அதாவது கொண்டை, சின்னதாகத் தலையோடு ஒட்டியிருக்கட்டும். அப்புறம் கீழே விட்டு நடக்க விடுங்கள். வால் செங்குத்தாகத் தூக்காமல் முதுகின் போக்கிலேயே நீள வேண்டும். 'ஜோடி' என்று சொல்லி ஒரே அடையில் பொரித்த இரண்டைத் தலையில் கட்டுவார்கள். வாங்காதீர்கள். உடன்பிறந்தவற்றையே சேர்த்துக்கொண்டு போனால் குஞ்சுகள் சோடை போகும். சேவல் ஓரிடம், பெட்டை ஓரிடம் என்று வாங்குவதே நல்லது.

ஒரு சேவலுக்கு இரண்டு மூன்று பெட்டை போதும். பெட்டை ஏற்கெனவே வேறு சேவலோடு இருந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இருந்தால் மூன்று வாரம் தனியாக வைத்த பிறகே இணைக்கு விட வேண்டும். பழைய சேவலின் விந்து அதுவரை பெட்டையின் உடம்பில் தங்கியிருக்கும். அவசரப்பட்டால் பிறப்பது எந்தச் சேவலின் குஞ்சு என்றே தெரியாது. குஞ்சுகளுக்குக் கால் வளையம் போட்டு, தாய் தகப்பனை நோட்டில் எழுதி வையுங்கள். இந்த நோட்டு இல்லாமல் வர்க்கம் கட்ட, அதாவது நல்ல வம்சத்தை உருவாக்க, முடியாது.

விசிறிவால் பெட்டை கனமானது. காலடியில் முட்டை உடையும். அதனால் முட்டையை எடுத்து சிறுவிடை என்னும் சிறிய நாட்டுக்கோழிக்கு அடை வையுங்கள், அது பொறுமையான தாய். ஒரு வாரத்துக்கு மேல் பழசான முட்டையைத் தவிர்த்துவிடுங்கள். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் கரு ஓடியது தெரியும்; தெளிவாக இருப்பதை எடுத்துவிடலாம். 21ஆம் நாள் பொரிக்கும். இன்குபேட்டர் என்றால் 37.5 டிகிரி செல்சியஸ், கடைசி மூன்று நாள் முட்டையைத் திருப்பக் கூடாது.

வெள்ளைக்கழிச்சல் நோய் வந்தால் கூண்டே காலி. அதற்குத் தடுப்பு மருந்து போட வேண்டும்: ஒரு வாரக் குஞ்சுக்குக் கண்ணில் சொட்டு, நாலாம் வாரம் மறுபடி சொட்டு, எட்டாம் வாரம் இறக்கையடியில் ஊசி. கால்நடை மருத்துவரைக் கேட்டு இந்த வரிசையைத் தவறாமல் முடியுங்கள். தீவனத்தில் பெரிய ரகசியம் இல்லை: சின்ன வயதில் குஞ்சுத் தீவனம், பிறகு கம்பு, சோளம், கீரை. கரையான் கிடைத்தால் விடாதீர்கள். இறகு வளரப் புரதம் வேண்டும்.

கண்காட்சிக்கு விடுவதென்றால் பாதி வேலை வாலைக் காப்பாற்றுவதுதான். பட்டாவாக, அதாவது இளஞ்சேவலாக, இருக்கும்போதே தனிக் கூண்டுக்கு மாற்றுங்கள். வால் கம்பியில் உரசாத அகலம் வேண்டும். வால் தரையில் புரளாத உயரத்தில் உட்காரும் கட்டை போடுங்கள், கீழே மணலும் சாம்பலும் கலந்து வையுங்கள், பேன் அண்டாது. ஒடிந்த இறகு அடுத்த உதிர்ப்பு வரை அப்படியே நிற்கும், அந்த வருடக் கண்காட்சி போச்சு. ஒரு மாதத்துக்கு முன்பிருந்தே தினமும் சேவலைத் தூக்கி மேசையில் நிறுத்தி, மூக்கையும் காலையும் தொட்டுப் பழக்குங்கள். கூட்டத்தைக் கண்டு பதுங்கும் சேவலுக்கு எவ்வளவு அழகான வால் இருந்தாலும் நடுவர் கண்ணில் படாது. இரண்டு நாள் முன்னால் வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டி, வால் இறகை அடியிலிருந்து நுனிக்கு மட்டும் நீவித் துடைத்து, நிழலில் காய விடுங்கள்.

இது அழகுக் கண்காட்சி. சேவல்களை மோதவிட்டுப் பார்க்கும் பேச்சு எடுப்பவரிடம் பறவையை விற்காதீர்கள். கண்காட்சி முடிந்து திரும்பியதும் இரண்டு வாரம் மற்ற கோழிகளோடு சேர்க்காமல், தீவனத் தட்டு முதல் தனியாக வையுங்கள். பல ஊர்ப் பறவைகள் கூடிய இடத்திலிருந்து வந்திருக்கிறது.