டிஸ்க்கில் இறுகிப்போன ஸ்க்ரூவைக் கழற்றிய விதம்: என் அனுபவம்

காரின் முன் சக்கர பிரேக் டிஸ்க்கை மாற்றும்போது வேலையை நிறுத்தியது, அதை ஹப்போடு (சக்கரம் மாட்டப்படும் நடுப்பகுதி) பிடித்திருக்கும் சின்ன ஸ்க்ரூதான். துரு ஏறி அசையவே இல்லை. இங்கே சாதா ஸ்க்ரூடிரைவரோடு மல்லுக்கட்டவே கூடாது. முனை வழுக்கித் தலையின் பள்ளத்தை மழித்துவிடும்.

பள்ளத்துக்குள் இருந்த துருவை ஊசியால் சுரண்டி எடுத்தேன். துரு இளக்கும் எண்ணெயை ஒரு சொட்டு விட்டு ஊறவைத்தேன். அது டிஸ்க்கின் முகத்திலோ, டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேடிலோ படவே கூடாது, பட்டால் பிரேக் பிடிக்காது. பிறகு சுத்தியலால் அடிக்கும் இம்பேக்ட் டிரைவர். இடஞ்சுழியாகத் திருப்பி வைத்து, பள்ளத்தில் கச்சிதமாக உட்காரும் பிட்டை மாட்டி நேராக ஓங்கி அடித்தேன். ஒவ்வொரு அடியும் பிட்டை உள்ளே அழுத்திக்கொண்டே திருப்புகிறது. அதுதான் இந்தக் கருவியின் அருமை. 'டக்'கென்று விட்டது.

இன்னொரு ஸ்க்ரூவின் தலை ஏற்கெனவே மழிந்திருந்தது. கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு தலையை மட்டும் டிரில் செய்து எடுத்தேன். டிஸ்க் கழன்றதும், நீட்டிக்கொண்டிருந்த தண்டை வைஸ் கிரிப்பால் (பூட்டிப் பிடிக்கும் இடுக்கி) பிடித்துத் திருக, சுலபமாக வந்தது. தலையின் இறுக்கம் போய்விட்டதல்லவா! ஓட்டத்தில் டிஸ்க்கை இறுக்கிப் பிடிப்பது வீல் நட்டுகள். இந்த ஸ்க்ரூ, பொருத்தும்போது டிஸ்க் நகராமலிருக்கத்தான். அதனால் புது ஸ்க்ரூவின் மரையில், மறுபடி இறுகிப்போகாமல் தடுக்கும் ஆன்டி சீஸ் பசையை லேசாகத் தடவி, அளவாக முறுக்கினேன்.