நீராவி ரயிலில் பீர் சுவைக்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் ஆல்ரெஸ்ஃபர்டையும் ஆல்டனையும் இணைக்கும் வாட்டர்கிரெஸ் லைன், 1973 இல் மூடப்பட்டு, ரயில் ஆர்வலர்களின் முயற்சியால் 1977 முதல் படிப்படியாகத் திறக்கப்பட்டு, 1985 இல் மீண்டும் ஆல்டனை எட்டிய, ஏறத்தாழ 16 கிலோமீட்டர் நீளமுள்ள பாரம்பரிய இருப்புப்பாதை. அதில் சில சனிக்கிழமை மாலைகளில் ஓடும் ‘ரியல் ஏல் டிரெயின்’ வட்டார பீர் வகைகளை ஓடும் வண்டியிலேயே பரிமாறுகிறது. அதை நகரும் மதுக்கூடம் என்று எண்ணி ஏறுவதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

காரில் போவது அவற்றுள் மோசமானது. லண்டன் வாட்டர்லூவிலிருந்து வரும் ரயில் ஆல்டனில்தான் முடிகிறது. அதே நிலையத்திலிருந்துதான் நீராவி வண்டியும் புறப்படுகிறது. ஆல்ரெஸ்ஃபர்டுக்கு இந்த வசதி இல்லை என்பதால் பயணத்தை ஆல்டனில் தொடங்கி அங்கேயே முடிப்பது நல்லது; லண்டன் திரும்பும் கடைசி ரயிலின் நேரத்தையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பீர் சில்லென்று இல்லை, நுரை பொங்கவில்லை என்று குறைப்படுவது அடுத்த தவறு. பீப்பாயிலேயே இரண்டாம் முறை நொதிக்கும் ‘ரியல் ஏல்’ எனப்படும் இந்த மரபு பீர், வெளியிலிருந்து வாயு செலுத்தப்படாமல், 11 முதல் 13 டிகிரி செல்சியஸில் பரிமாறப்படுவதே முறை. அதற்கும் கீழே குளிரவைத்தால் மணம் அடங்கிவிடும். சைவ உணவுக்காரர்கள் இன்னொன்றையும் கேட்டறிய வேண்டும்: மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பொருளைக் கொண்டு பீரைத் தெளியவைக்கும் வழக்கம் அங்கே பழையது, அது சேர்க்காத வகைகளும் உண்டு.

முழு பைன்ட் என்பது 568 மில்லி. இரண்டு முடிவதற்குள் நாக்கு வேறுபாடு அறியும் திறனை இழந்துவிடும் என்பதால், அரை பைன்டோ, கிடைக்குமானால் மூன்றில் ஒரு பைன்டோ வாங்கி, ஆல்கஹால் நான்கு விழுக்காட்டுக்கு உட்பட்ட, கசப்புச் சுவையுள்ள இளநிற பிட்டர் பீரில் தொடங்கி, கறுத்த, கனத்த ஸ்டவுட் பீரைக் கடைசிக்கு வைத்துக்கொள்வதே சரியான வரிசை. ஸ்டவுட்டில் தொடங்குவோரின் வாயில் அதற்குப் பிறகு வரும் எதுவும் தண்ணீராகவே படும்.

பாதையின் மேட்டையும் கணக்கில் கொள்ள வேண்டும். இருபுறமிருந்தும் மெட்ஸ்டெட் நிலையத்தை நோக்கிச் செங்குத்தாக ஏறும் இப்பாதையில், சில இடங்களில் 60 அடிக்கு ஓரடி உயர்கிறது. என்ஜின் மூச்சிரைத்து ஏறும்போது கரிப்புகை திறந்த சன்னல் வழியே நுழைந்து, பீருக்கு மணமூட்டும் ஹாப்ஸ் பூக்களின் மெல்லிய வாசத்தை விழுங்கிவிடும். ஏறும்போது வேடிக்கை பார்த்துவிட்டு, நிலையத்தில் நிற்கும்போதோ இறக்கத்திலோ முகர்ந்து பார்க்கலாம். காட்சிக்காகவும் போகிறவர்கள், ஒன்பது மணிக்குப் பிறகே சூரியன் மறையும் ஜூன் மாதத்தைத் தேர்ந்தெடுப்பது உத்தமம்.

குடித்த உற்சாகத்தில் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டுவதை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யக் கூடாது. பாலங்களின் சுவரும் மரக்கிளைகளும் பழைய பெட்டிகளுக்கு மிக அருகில் வருகின்றன.