எஃப்சிஏஎஸ் எழுதப் போறீங்களா, மொய் நோட்ட எடுங்க

இன்சூரன்ஸ் ரிஸ்க்குக்குக் கணக்குப் போடுற ஆக்சுவரி ஆகுறதுக்கான எஃப்சிஏஎஸ் பரீட்சைய எப்படி எழுதுறதுன்னு ஸ்டாட்ஸ் முடிச்ச தம்பி தங்கச்சிங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க, ஒவ்வொருத்தருக்கா வாய்ஸ் நோட் போட முடியல, அதான் இங்கயே எழுதிடுறேன்.

வண்டி, வீடு, தீ விபத்து மாதிரி இன்சூரன்ஸ் கணக்குக்குன்னே 1914ல அமெரிக்காவுல ஆரம்பிச்சது கேஷுவால்டி ஆக்சுவேரியல் சொசைட்டி (சிஏஎஸ்), அதோட ஃபெலோதான் எஃப்சிஏஎஸ். பி (ப்ராபபிலிட்டி), எஃப்எம் (வட்டிக் கணக்கு), எம்ஏஎஸ் (ஸ்டாட்ஸ் மாடல்) ரெண்டு பேப்பர், அப்புறம் 5, 6-ன்னு நம்பர் போட்ட பேப்பருங்க, கூட கொஞ்சம் கோர்ஸ், ஒரு ப்ராஜெக்ட், இது முடிஞ்சா அசோசியேட். மேல 7, 8, 9 முடிச்சா ஃபெலோ. வருசக்கணக்குல ஆகும், வீட்ல முன்னாடியே சொல்லி வச்சிருங்க.

பி-ல 3 மணி நேரத்துக்கு 30 கேள்வி, ப்ராபபிலிட்டிதான், கணக்குத் தெரிஞ்சாலும் கை ஓடணும். காலேஜ்ல பழகுன கேசியோவ உள்ள விடமாட்டாங்க, டெக்சாஸ் கால்குலேட்டர் வாங்கி முதல் நாள்ல இருந்தே அதுலயே தட்டுங்க. பரீட்சை ஒரு மணி நேரம்னா படிப்பு 100 மணி நேரம்னு ஒரு கணக்கு சொல்லுவாங்க, எனக்கு அதுவே பத்தல.

அஞ்சாவது பேப்பர்தான் நிஜமான தொழில். செயின் லேடர்னு வரும், இதுவரைக்கும் வந்த க்ளெய்ம வச்சு கடைசில மொத்தம் எவ்வளவு ஆகும்னு கணிக்கிற முறை, புக்க மூடிட்டு உசிலம்பட்டிப் பக்கம் காதுகுத்து மொய்ய நெனச்சுப் பாருங்க. போன தடவ விசேசத்தன்னைக்கு 4 லட்சம், வராதவங்க பின்னாடி வீட்டுக்கு வந்து குடுத்ததெல்லாம் சேந்து 6 லட்சம், அப்ப ஃபேக்டர் 1.5. இந்தத் தடவ அன்னைக்கே 5 லட்சம்னா கடைசில 7.5, இன்னும் 2.5 பாக்கி. கம்பெனிக்கு இதே கணக்கு தலைகீழ், அந்தப் பாக்கி நாம குடுக்க வேண்டிய க்ளெய்ம், அதுக்கு எடுத்து வைக்கிறதுதான் ரிசர்வ். ஆனா இந்தத் தடவ ஜிபேல பாதிப்பேர் அன்னைக்கே அனுப்பிட்டான்னா 1.5 செல்லாதுல்ல? அத வார்த்தையில எழுதத் தெரியணும், ஃபார்முலா மட்டும் மனப்பாடம் பண்ணுனவன் இங்கதான் மாட்டுறான், நானும் மாட்டுனேன்.

ஒன்னு, இங்க கம்பெனில அப்பாயின்டட் ஆக்சுவரி, அதாவது கம்பெனி கணக்குக்குப் பொறுப்பான ஆக்சுவரி ஆகணும்னா, இந்திய ஆக்சுவரி இன்ஸ்டிடியூட் ஃபெலோஷிப்தான் வேணும், அதையும் யோசிச்சுக்கங்க.

அப்புறம் பேரு. பாஸ்போர்ட்ல அப்பா பேரு முழுசா இருக்கும், நாம பழக்கதோசத்துல இனிஷியல் போட்டு ரிஜிஸ்டர் பண்ணிருவோம், ரெண்டும் ஒத்துப்போகலைன்னா பாண்டியன் எக்ஸ்பிரஸ்ல ராத்திரியெல்லாம் உக்காந்து சென்னை போயும் பரீட்சை சென்டர் வாசலோட திரும்பணும். நான் மெயிலுக்கு மேல மெயில் போட்டு கடைசி வாரத்துலதான் மாத்துனேன்.