இணையத்தில் செலவாகும் நேரத்தைக் கணக்கிடுவது எப்படி?

உலாவியின் வரலாற்றுப் பக்கத்தைப் பார்த்தே நேரக் கணக்கைப் போட்டுவிடலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். அந்தப் பட்டியல் ஒரு பக்கம் எப்போது திறக்கப்பட்டது என்பதை மட்டுமே காட்டும். 10.05க்கு ஒரு செய்தித்தளமும் 10.40க்கு வேறொரு பக்கமும் திறக்கப்பட்டிருந்தால், இடைப்பட்ட 35 நிமிடமும் படித்துக்கொண்டிருந்தோமா, இருக்கையை விட்டே எழுந்து போய்விட்டோமா என்பது அதிலிருந்து தெரியாது. எனவே, கணக்கிடுவதற்கென்றே உள்ள கருவி ஒன்று வேண்டும்.

கைப்பேசியில் இதற்காக எதையும் புதிதாக நிறுவ வேண்டியதில்லை. 2018ஆம் ஆண்டிலிருந்து ஆண்ட்ராய்டில் ‘டிஜிட்டல் வெல்பீயிங்’, ஐபோனில் ‘ஸ்கிரீன் டைம்’ என்ற பெயர்களில் இவ்வசதி அமைப்புகள் பகுதியிலேயே கிடைக்கிறது. ஒரே தளத்தைச் செயலியிலும் உலாவியிலும் பார்ப்பவர்கள் இரண்டு நேரத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

கணினிக்கு ‘ஆக்டிவிட்டிவாட்ச்’ என்னும் இலவச, திறமூல (நிரல் எல்லோரும் பார்க்கும்படி திறந்திருக்கும்) மென்பொருளையே நான் பரிந்துரைப்பேன். எந்தெந்தத் தளங்களுக்குப் போகிறோம் என்ற விவரம் மிகவும் அந்தரங்கமானது என்பதால், அதை வேறொருவரின் சர்வருக்கு அனுப்பாமல் நம் கணினியிலேயே சேமித்துவைப்பது இதன் பெரிய நன்மை. மென்பொருளோடு உலாவிக்கான நீட்சியையும் (உலாவியில் சேர்த்துக்கொள்ளும் சிறு துணைநிரல், எக்ஸ்டென்ஷன்) நிறுவினால்தான் தள முகவரிகள் பதிவாகும். வரலாறு பதிவாகாத மறைநிலைச் சாளரத்தில் (இன்காக்னிட்டோ) நீட்சிகள் பொதுவாக இயங்குவதில்லை. அங்கே கழியும் நேரமும் கணக்கில் வர வேண்டுமானால், நீட்சியின் அமைப்பில் நாமே அனுமதி தர வேண்டும்.

கணக்கு பெரும்பாலும் பிசகுவது, நாம் கணினியின் முன் இல்லாத நேரத்தைக் கருவி எப்படிக் கண்டுகொள்கிறது என்ற இடத்தில்தான். விசைப்பலகையும் மவுஸும் சில நிமிடங்கள் அசையாவிட்டால், ஆள் இல்லை என்று கருவி முடிவுசெய்துவிடும். ஒரு மணி நேரக் காணொளியைக் கைகட்டிப் பார்த்தவருக்கு, அந்த ஒரு மணி நேரமும் கணக்கிலிருந்து விடுபட்டுப்போகக்கூடும். ஆகவே, ஒலி வந்துகொண்டிருக்கும் டேபையும் பயன்பாடாகக் கொள்ளும் அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால், பாட்டை ஓடவிட்டு வேறு வேலை பார்ப்பவர்களுக்கு இதே அமைப்பு கணக்கை ஊதிப்பெருக்கிவிடும்.

முதல் வாரத்தில் எந்தக் கட்டுப்பாடும் விதித்துக்கொள்ளாமல் வழக்கம்போலவே உலாவுங்கள். அப்போதுதான் உண்மை நிலவரம் பதிவாகும். (அளக்கிறோம் என்ற நினைப்பே முதலிரண்டு நாள் கையைக் கொஞ்சம் கட்டிப்போடும்; அதற்காகத்தான் ஒரு வாரம்.) பிறகு தளத்தின் பெயரை வைத்துப் பிரிக்காமல், போன காரியத்தை வைத்துப் பிரியுங்கள். யூடியூபில் கழிந்த இரண்டு மணி நேரத்தில் பாடம் கேட்டதும் இருக்கலாம், பரிந்துரைகளைப் பின்தொடர்ந்து போனதும் இருக்கலாம். மொத்தத் தொகை இரண்டையும் ஒன்றாகவே காட்டும். இதை எந்தக் கருவியும் சரியாகப் பிரித்துத் தராது என்பதால், அன்றன்றே இரவில் பதிவைத் திறந்து, நினைவிருக்கும்போதே பிரித்துக் குறித்துக்கொள்வது நல்லது.

நாள்வாரி மொத்தத்தைவிட மணிவாரிப் படமே அதிகம் பயன்படும். வேலைக்கு நடுவே ஐந்தைந்து நிமிடமாகச் சிதறிய நேரமும், இரவில் ஒரே மூச்சில் போன நேரமும் வெவ்வேறு சிக்கல்கள். இரண்டாவது வகைக்கு, குறிப்பிட்ட தளத்தைக் குறிப்பிட்ட மணிகளில் மட்டும் தடுக்கும் ‘லீச்பிளாக்’ போன்ற நீட்சி போதும். முதல் வகைக்கு, அறிவிப்புகளை நிறுத்திவிட்டு அடுத்த வாரம் மறுபடியும் அளந்து ஒப்பிட்டுப் பாருங்கள்.