பழைய ஜீப்புக்குப் பெரிய டயர்: காசைத் தின்னும் தவறுகள்

மாஞ்சோலை ஏறவோ, களக்காட்டுப் பக்கம் தோட்டத்திலிருந்து வாழைத்தார் இறக்கவோ பழைய மஹிந்திரா ஜீப் வாங்குகிறவர்கள் முதலில் கை வைப்பது டயரில்தான். 6.00-16 டயரை (6 அங்குல அகலம், 16 அங்குல ரிம்) கழற்றி 7.00-16 மாட்டினால் வண்டி இரண்டு சென்டிமீட்டர் சொச்சம் உயரும், பார்க்கவும் மிடுக்காக இருக்கும். ஸ்பிரிங் பட்டையில் உரசுகிறது, ஸ்டீயரிங் கனக்கிறது என்பதெல்லாம் மாட்டிய அன்றே தெரிந்துவிடும். ஸ்டாப்பர் போல்ட்டைத் திருகி சக்கரம் திரும்பும் ஒடிப்பைக் கொஞ்சம் குறைத்தால் சரி. அதையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை.

ஆக்ஸில் விகிதத்தை மறப்பது

6.00-16 டயரின் உயரம் சுமார் 730 மி.மீ., 7.00-16 சுமார் 775. ஆறு சதவீதம் கூடுதல். ஆக்ஸில் விகிதம் என்பது சக்கரம் ஒரு சுற்று சுற்ற புரொப்பல்லர் ஷாஃப்ட் (ஆக்ஸிலுக்கு விசை கொண்டுவரும் தண்டு) எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது. அது 5.38 ஆக (ஆக்ஸிலுக்குள் பெரிய பல்சக்கரமான கிரவுனில் 43 பல், அதைச் சுற்றும் சிறிய பினியனில் 8) இருந்தால், பெரிய டயரோடு அது 5.07 போல நடந்துகொள்ளும். காற்றில்லாத நாளில், வெறும் வண்டியில் இது தெரியாது. ஆனி ஆடியில் பணகுடி, காவல்கிணறு பக்கம் போய்ப் பாருங்கள்: எதிர்க்காற்றில் டாப் கியர் இழுக்காது. மூன்றுக்கு இறங்காமல் மிதித்துக்கொண்டே போனால் கரும்புகையும் சூடும்தான் மிச்சம்.

இறக்கம் இன்னும் முக்கியம். அதே கியரில், அதே வேகத்தில் இன்ஜின் மெதுவாகச் சுற்றுவதால் அதன் பிடிப்பு குறைகிறது. பெரிய டயரை நிறுத்த டிரம் பிரேக்கும் அதே ஆறு சதவீதம் அதிகமாகப் பிடிக்க வேண்டும். முன்பு மூன்றாவதில் இறங்கிய சரிவில் இனி இரண்டாவதில் இறங்குங்கள்.

சரியான விகிதத்தைக் கணக்கிட: பழைய விகிதம் × புதிய டயர் உயரம் ÷ பழைய டயர் உயரம். 5.38 வண்டிக்கு 5.71 வரும். அதைத் தேடி அலைய வேண்டாம், 5.38-ஐ வைத்துக்கொண்டு கியர் பார்த்து ஓட்டினால் போதும். 4.88 வண்டி என்றால் கணக்கு 5.18. அதற்கு 5.38 போடுவது நல்ல முடிவு.

விகிதம் எது என்று விற்றவர் சொல்வதை நம்பாதீர்கள். மற்ற சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கி, கியரை நியூட்ரலில் போடுங்கள். பழைய மாடல்களில் கை பிரேக் டிரான்ஸ்ஃபர் கேஸின் (விசையை முன், பின் ஆக்ஸிலுக்குப் பிரித்து அனுப்பும் பெட்டி) பின்னால் ஷாஃப்டைத்தான் பிடிக்கிறது, ஆகவே அதையும் விட்டுவிட வேண்டும். தூக்கிய சக்கரத்தை முழுதாக இரண்டு சுற்று (எதிர்ச்சக்கரம் தரையில் நிற்பதால் ஒன்றுக்குப் பதில் இரண்டு) சுற்றி, புரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணுங்கள். ஐந்தரைக்குச் சற்றுக் குறைவு என்றால் 5.38, ஐந்தை எட்டாமல் நின்றால் 4.88.

"ரெண்டு இப்போ, ரெண்டு அடுத்த மாசம்"

எரிச்சல் மூட்டுவது இதுதான். நாலு டயருக்குக் காசு புரளவில்லை என்று பின்னால் மட்டும் 7.00 மாட்டிவிடுவார்கள். டூ வீலில் (பின்சக்கரம் மட்டும் இழுக்க) ஓடும்வரை ஒரு கேடும் இல்லை, அதனால்தான் ஆள் ஏமாறுகிறான். "மழைக்கு முன்னாடி மாட்டுனது அண்ணாச்சி, ஒண்ணும் ஆகலையே" என்பார்கள். முன் ஆக்ஸிலைச் சேர்க்கிற அன்றைக்கு இருக்கிறது.

இந்த ஜீப்புகளில் முன், பின் ஆக்ஸிலுக்கு நடுவே டிஃபரன்ஷியல் (இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்லமைப்பு) கிடையாது. ஃபோர் வீல் லீவரைப் போட்டதும் டிரான்ஸ்ஃபர் கேஸ் இரண்டு ஷாஃப்டையும் ஒரே வேகத்தில் பூட்டிவிடும். ஒரு கிலோமீட்டருக்கு 6.00 டயர் சுமார் 436 சுற்று சுற்ற வேண்டும், 7.00 சுமார் 411. வித்தியாசம் 25 சுற்று. 5.38-ஆல் பெருக்கினால் ஷாஃப்டில் 134 சுற்று. இது எங்கேயாவது கழிந்தாக வேண்டும். திசையன்விளைப் பக்கத் தேரி மணலில் டயர் வழுக்கிக் கழித்துவிடும். மணிமுத்தாறுக்கு மேலே இறுகிய மலைப்பாதையில், சுமையோடு, டயர் எங்கே வழுக்கும்? அத்தனை முறுக்கும் ஷாஃப்டிலும் பல்லிலும் ஏறும்.

முதலில் ஸ்டீயரிங் கல்லாகும், வளைவில் டயர் கிறீச்சிடும், பிறகு லீவர் டூ வீலுக்கு வராமல் இறுகிக்கொள்ளும். அப்போது காலால் உதைப்பவர்களும், இன்னும் கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் கொடுத்துப் பார்ப்பவர்களும்தான் பட்டறைக்குச் சோறு போடுகிறவர்கள். பெரும்பாலும் யூ ஜாயின்ட் கிராஸ் (ஷாஃப்ட் மூட்டில் உள்ள சிலுவைத் துண்டு) முதலில் போகும். அது தாங்கிவிட்டால் ஆக்ஸில் ஷாஃப்டோ டிரான்ஸ்ஃபர் கேஸ் பல்லோ போகும். கிராஸை மட்டும் மாற்றிவிட்டு டயரைப் பார்க்காமல் அனுப்பினால் வண்டி அதே வேலைக்குத் திரும்ப வரும்.

இறுகிவிட்டால் ஸ்டீயரிங்கை நேராக வைத்து, மெதுவாக ரிவர்ஸில் சில அடி வாருங்கள். முறுக்கு அவிழ்ந்ததும் லீவர் இலகுவாக வரும். வராவிட்டால், நன்றாக முட்டுக் கொடுத்து ஒரு முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்குங்கள். தரையை விட்டு எழும்போது சக்கரம் வெடுக்கென்று சுழலும், கையைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள்.

நாலும் 7.00 என்று எழுதியிருந்தாலும் தப்பு நடக்கும். 10 மி.மீ. தேய்ந்த டயர் புதியதைவிட 20 மி.மீ. உயரம் குறைவு, அதாவது 6.00-க்கும் 7.00-க்கும் உள்ள வித்தியாசத்தில் கிட்டத்தட்ட பாதி. நாலிலும் ஒரே காற்று வைத்து, டயரில் சாக்பீஸ் கோடு போட்டு, ஒரு முழுச் சுற்று உருட்டி டேப்பால் அளங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வேண்டாம்.

ரிம்

7.00 டயருக்கு 5.5 அங்குல ரிம், பழைய 4.5 அங்குல ரிம்மில் திணிக்காதீர்கள்.

ஸ்டெப்னி

அதுவும் அதே அளவு.

ஸ்பீடோமீட்டர்

50 காட்டும்போது வண்டி 53-ல் போகிறது. ஓடிய கிலோமீட்டரும் குறைவாகவே பதியும். மைலேஜ் விழுந்துவிட்டது என்று டீசல் பம்ப் வேலைக்குப் போகுமுன் அந்த ஆறு சதவீதத்தைக் கூட்டிப் பாருங்கள்.

ஒரு ஆக்ஸிலுக்கு மட்டும் பல் மாற்றுவது

பின்னால் 5.38, முன்னால் பழைய 4.88 என்று விடுவது டயர் தவறைவிட மோசம், வித்தியாசம் பத்து சதவீதம். மாற்றினால் இரண்டையும் மாற்றுங்கள். கிரவுனும் பினியனும் ஜோடி. இரண்டிலும் பொறித்த ஜோடி எண் ஒன்றா என்று பார்த்து வாங்குங்கள். பழைய இரும்புக் கடையில் ஒன்றை இங்கும் ஒன்றை அங்கும் பொறுக்கினால் ஊளைச் சத்தத்தில் ஆரம்பித்துப் பல் உடைவதில் முடியும். மாட்டியபின் முதல் சில நூறு கிலோமீட்டர் சுமையில்லாமல் ஓட்டி, ஹவுசிங் ஆயிலை மாற்றிவிடுங்கள்.