உலகக் கோப்பைக் கால்பந்து நாடுகளைப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்துவது எப்படி?

உலகக் கோப்பைக் கால்பந்து வரும் ஆண்டுகளில் கேரளத்து நாற்சந்திகளில் பிரேசில் கொடியும் அர்ஜென்டினா கொடியும்தான் பெரிதாகப் பறக்கும். பாலக்காட்டின் கிழக்கு எல்லையில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளும் இவ்விரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டே வளர்கிறார்கள். அந்த ஆர்வம் நல்லதே. ஆனால் மெஸ்ஸியின் பெயரை உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் பிள்ளைக்கு, அர்ஜென்டினா எந்தக் கண்டத்தில் இருக்கிறது என்பது பெரும்பாலும் தெரிவதில்லை. 2022 வரை 32 நாடுகள் ஆடிய இப்போட்டி, அமெரிக்கா, கனடா, மெக்சிகோ ஆகிய மூன்று நாடுகளும் சேர்ந்து நடத்தும் 2026 போட்டி முதல் 48 நாடுகளின் போட்டியாக விரிந்துவிட்டது. மற்ற 46 நாடுகளையும் பிள்ளைகள் அறியாமலே போட்டி முடிந்துவிடுவது பெரிய இழப்பு என்றே நான் கருதுகிறேன்.

கீழே தருவது ஆறு முதல் பத்து வயதுப் பிள்ளைகளுக்கான முறை. கொடிகளையும் தலைநகரங்களையும் மனப்பாடம் செய்யவைக்கும் அட்டைகளை நான் பரிந்துரைப்பதில்லை. அவை தேர்வுக்கு உதவலாம், நாட்டை நெஞ்சில் நிறுத்தாது. முதலில் இடம், அடுத்து அந்த நாட்டுக்கும் நம் வீட்டுக்கும் உள்ள தொடர்பு, அதன் பிறகே கொடி என்னும் வரிசையில் செல்லுங்கள்.

தேவையானவை: சுவரில் ஒட்டும் உலக அரசியல் வரைபடம் ஒன்று, கோடு போடாத வரைநோட்டு, க்ரேயான் பெட்டி, சிவப்பு நூல்கண்டு, குண்டூசிகள்.

முதல் படி: நம் ஊரிலிருந்து தொடங்குதல்

வரைபடத்தைப் பெரியவர்களின் கண்மட்டத்தில் மாட்டாமல், பிள்ளையின் கை எட்டும் உயரத்தில் ஒட்டுங்கள். முதல் குண்டூசியைப் பாலக்காட்டுக் கணவாய் இருக்கும் இடத்தில் பிள்ளையே குத்தட்டும். இனி எந்த நாட்டைப் பற்றிப் பேசினாலும், இந்த ஊசியிலிருந்து அந்த நாட்டுக்கு நூல் இழுத்துக் கட்ட வேண்டும். நூல் எந்தக் கடலைத் தாண்டுகிறது, எந்தக் கண்டத்தைக் கடக்கிறது என்பதைப் பிள்ளையே விரலால் தொட்டுச் சொல்லட்டும்.

பரப்பளவை எண்ணாகச் சொன்னால் பிள்ளைகளுக்கு எட்டாது. தெரிந்த இடத்தோடு ஒப்பிட்டுச் சொல்லுங்கள். பாலக்காடு மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 4,480 சதுர கிலோமீட்டர். 2026இல் முதன்முறையாகத் தகுதி பெற்ற கேப் வெர்டே என்னும் தீவு நாடு முழுவதும் சேர்ந்தே அதைவிடச் சற்றுச் சிறியது. பிரேசிலோ இந்தியாவைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் பெரியது. தட்டையான வரைபடம் வடதுருவத்தை ஒட்டிய நிலங்களை மிகைப்படுத்திக் காட்டும் என்பதால், பள்ளியிலோ நூலகத்திலோ உள்ள உலக உருண்டையையும் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

இரண்டாம் படி: ஒரு நேரத்தில் ஒரே பிரிவு

48 நாடுகளையும் ஒரே மூச்சில் சொல்லித்தர முயல வேண்டாம். அவை நான்கு நான்காகப் பன்னிரண்டு பிரிவுகளில் இருக்கின்றன. வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ போதும். முதலில் எடுக்கத் தக்கது, நான்கு கண்டங்களைத் தொட்டுச் செல்லும் 'ஈ' பிரிவு: ஜெர்மனி, ஐவரி கோஸ்ட், எக்குவடோர், குராசோ.

எக்குவடோரை வாழைப்பழத்திலிருந்து தொடங்குங்கள். நேந்திரம் பழத்தைக் கையில் கொடுத்து, உலகிலேயே மிக அதிகமாக வாழைப்பழம் ஏற்றுமதி செய்யும் நாடு எது என்று கேளுங்கள். பிறகு நிலநடுக்கோட்டின் மீது பிள்ளையின் விரலை மேற்கே நகர்த்திக்கொண்டு போனால், தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில் அந்த நாடு வந்து நிற்கும். கோடு ஓடும் நாட்டுக்கு அந்தக் கோட்டின் ஸ்பானியப் பெயரே அமைந்திருப்பதால், இடம் மறக்கவே மறக்காது.

ஐவரி கோஸ்டுக்குச் சாக்லேட். உலகில் அதிகமான கொக்கோ விளைவது மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள இந்த நாட்டில்தான். கேரளத்தில் தென்னைக்கும் பாக்குக்கும் இடையே ஊடுபயிராகக் கொக்கோ போடும் தோட்டங்கள் உண்டு; அருகில் ஒன்று இருந்தால் அழைத்துச் சென்று, அடிமரத்திலேயே ஒட்டித் தொங்கும் காயைத் தொட்டுப் பார்க்கச் செய்யுங்கள். பிளந்து காட்ட ஒருவர் கிடைத்தால் இன்னும் நல்லது: உள்ளே வெள்ளைச் சதை போர்த்திய விதைகள் இருக்கும், அந்தச் சதை புளிப்பும் இனிப்புமாகச் சுவைக்கும், சாக்லேட்டின் மணம் துளியும் இராது. விதையைப் புளிக்கவைத்து, காயவைத்து, வறுத்த பிறகே அந்த மணம் வரும் என்று அங்கேயே சொல்லிவிடலாம்.

ஜெர்மனிக்கு அச்சிட்ட தமிழ்ப் புத்தகம் ஒன்றை எடுத்து வையுங்கள். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்து, தமிழ் கற்று, அங்கே அச்சுக்கூடம் நடத்திய சீகன்பால்கு பிறந்தது இன்றைய ஜெர்மனியில். மலையாளத்துக்கு 1872இல் பெரும் அகராதி வெளியிட்ட குண்டர்ட்டும் ஜெர்மானியரே. வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் புழங்கும் எல்லைப் பிள்ளைக்கு இந்த இரட்டைத் தொடர்பு இயல்பாகவே பிடித்துப்போகும்.

குராசோ, வெனிசுவேலாவுக்கு வடக்கே கரீபியக் கடலில் உள்ள தீவு. நெதர்லாந்து முடியரசுக்கு உட்பட்டது. பரப்பு 444 சதுர கிலோமீட்டர், அதாவது பாலக்காடு மாவட்டத்தில் பத்தில் ஒரு பங்கு. உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்ற நாடுகளிலேயே மக்கள்தொகை மிகக் குறைந்தது இதுதான். இரண்டு லட்சம் பேர்கூட இல்லை. கொச்சியைப் போர்ச்சுகீசியரிடமிருந்து 1663இல் கைப்பற்றிய டச்சுக்காரர்கள், குராசோவை 1634இலேயே பிடித்திருந்தார்கள். கொச்சிக்குப் போய்வந்த பிள்ளை என்றால் இந்தச் செய்தியை உடனே பற்றிக்கொள்ளும்.

மற்ற பிரிவுகளுக்கும் இவ்வாறே ஒரு நாட்டுக்கு ஒரு தொடர்பைத் தேடுங்கள். மெக்சிகோவுக்கு மிளகாய், பிரேசிலுக்கு முந்திரி, பாபர் பிறந்த அந்திஜான் நகரம் இருக்கும் உஸ்பெகிஸ்தானுக்கு வரலாற்றுப் பாடம். கத்தாருக்கும் சவுதி அரேபியாவுக்கும் தேடவே வேண்டாம். மாமாவோ சித்தப்பாவோ அங்கே வேலையில் இருப்பார், தொலைபேசியில் அழைத்துப் பேச வைத்தால் போதும்.

மூன்றாம் படி: கொடியை வரைதல்

அச்சடித்த கொடியை ஒட்டுவதைக் காட்டிலும், வரைநோட்டில் பக்கத்துக்கு ஒன்றாகப் பிள்ளையே வரைந்து வண்ணம் தீட்டுவது மேல். வரையும் கைக்கு எண்ண வேண்டியிருக்கும். எண்ணும்போது காரணம் கேட்கும். கேப் வெர்டேயின் பத்து விண்மீன்கள் அதன் பத்துத் தீவுகள். குராசோவின் இரண்டு விண்மீன்களில் பெரியது முதன்மைத் தீவு, சிறியது அருகிலுள்ள சின்னஞ்சிறு தீவு. ஐவரி கோஸ்டின் கொடியில் செம்மஞ்சள், வெள்ளை, பச்சை என நம் கொடியின் வண்ணங்களே செங்குத்துப் பட்டைகளாக நிற்கும். சக்கரம் மட்டும் இராது. இதைப் பெரியவர்கள் முந்திக்கொண்டு சொல்லாமல், பிள்ளையே கண்டுபிடிக்கும்வரை பொறுத்திருங்கள்.

ஆட்டத்தைப் பார்க்கும்போது, கொடியில் இல்லாத வண்ணத்தில் நெதர்லாந்து அணி ஏன் ஆடுகிறது என்று கேள்வி வரும். 'ஆரஞ்ச்' என்னும் அந்த நாட்டு அரச குடும்பத்தின் பெயரோடு இணைந்தது அந்தச் செம்மஞ்சள். பிரேசில் ரசிகர்களுக்கு இன்னொரு கதை சொல்லலாம். 1950இல் சொந்த மண்ணில் உருகுவேயிடம் 2-1 என்று தோற்றபோது பிரேசில் அணிந்திருந்தது வெள்ளைச் சட்டை. அதன் பிறகு ஒரு நாளிதழ், கொடியின் நான்கு வண்ணங்களும் இடம்பெற வேண்டும் என்ற நிபந்தனையோடு புதிய சீருடைக்குப் போட்டி வைத்தது. வென்றவர் அல்டிர் ஷ்லீ என்னும் இளைஞர். உருகுவே எல்லையை ஒட்டிய ஜகுவாராவ் ஊரைச் சேர்ந்தவர். இன்று நம் தெருக்களில் காணும் மஞ்சள் சட்டை அவர் வரைந்தது. எல்லையோரத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைக் கட்டாயம் சொல்ல வேண்டும் என்பது என் விருப்பம்.

நான்காம் படி: கடினமான கேள்விகள்

"இந்தியா ஏன் இல்லை?" என்று பிள்ளை நிச்சயம் கேட்கும். மழுப்பாமல் உள்ளதைச் சொல்லுங்கள். இந்தியா இதுவரை உலகக் கோப்பையில் ஆடியதில்லை. 1950இல் வாய்ப்பு வந்தும் அணி செல்லவில்லை. ஆனால் 1951, 1962 ஆசிய விளையாட்டுகளில் தங்கம் வென்றது. 1956 ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றது. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஏன் தனித்தனியே ஆடுகின்றன என்றால், உலகக் கால்பந்தை நிர்வகிக்கும் ஃபிஃபா அமைப்பு 1904இல் தோன்றுவதற்கு முன்பே அவ்விரண்டுக்கும் தனித்தனிக் கால்பந்துச் சங்கங்கள் இருந்தன என்பதே விடை.

சின்ன நாடு, ஏழை நாடு என்று இளக்காரமாகப் பேச இடம் தராதீர்கள். 1930இலும் 1950இலும் கோப்பையை வென்ற உருகுவேயின் இன்றைய மக்கள்தொகை ஏறக்குறைய 34 லட்சம்; 2011 கணக்கெடுப்பின்படி பாலக்காடு மாவட்டத்திலேயே 28 லட்சம் பேர் இருந்தார்கள்.

ஐந்தாம் படி: ஆட்ட நாள்கள்

2026 இறுதி ஆட்டம் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஜூலை 19 பிற்பகல் 3 மணிக்கு; நமக்கு அப்போது ஜூலை 20 நள்ளிரவு 12.30. நேர வேறுபாட்டை விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. உலக உருண்டையையும் ஒரு டார்ச் விளக்கையும் வைத்துக் காட்டிவிடுங்கள். சிறு பிள்ளைகளை இரவெல்லாம் விழிக்கவைக்க வேண்டாம். காலையில் எழுந்ததும் முடிவைப் படித்து, அந்தந்தக் கொடிப் பக்கத்தின் அடியில் தேதியோடு கோல் கணக்கை எழுதச் செய்தால் போதும்.

ஒரு நாடு தோற்று வெளியேறினாலும் அதன் நூலை அவிழ்க்க வேண்டாம். போட்டி முடிந்த பிறகும் வரைபடம் சுவரிலேயே இருக்கட்டும்: 2030 போட்டியை மொராக்கோ, ஸ்பெயின், போர்ச்சுகல் ஆகியவை நடத்துகின்றன, முதல் உலகக் கோப்பையின் நூற்றாண்டை ஒட்டி உருகுவே, அர்ஜென்டினா, பராகுவே மண்ணிலும் தலா ஓர் ஆட்டம் நடைபெறவிருக்கிறது. அந்த ஆறு நாடுகளுக்கும் நீல நூலை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளலாம்.