சமையல் மேடைக்கு எந்தக் கல் போடலாம்?

கடைக்குப் போனதும் நிறத்தைப் பார்க்காதீர்கள். மேடை மேல் தினமும் என்னவெல்லாம் விழும் என்று முதலில் யோசியுங்கள். புளித்தண்ணீர் தெறிக்கும், எலுமிச்சை சொட்டும், மஞ்சள்தூள் கொட்டும், இறக்கின குக்கரை அவசரத்துக்கு அப்படியே வைப்போம், சில வீடுகளில் தேங்காயைக்கூட மேடை விளிம்பில்தான் தட்டி உடைப்பார்கள். இத்தனையையும் தாங்கிக்கொண்டு இருபது வருஷம் கிடக்க வேண்டும், ஏனென்றால் பின்னால் கல்லை மாற்றுவதென்றால் அடுப்பு, சிங்க், குழாய், சுவர் டைல்ஸ் எல்லாவற்றிலும் கை வைக்க வேண்டிவரும்.

மார்பிள் வேண்டவே வேண்டாம். எலுமிச்சைச் சாறு பட்டுக் கொஞ்ச நேரத்திலேயே பாலிஷ் போய் மங்கலான தடம் விழும். எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது, ஏனென்றால் அது கறையே இல்லை, புளிப்பு கல்லை அரித்த இடம். கடப்பா கல்லும் சுண்ணாம்புக்கல்தான், அதற்கும் இதே கதி. ஆனால் விலை குறைவு, பலமும் உண்டு, அதனால் மேடைக்கு அடியில் தாங்குகல்லாகவும் ஷெல்ஃபாகவும் தாராளமாகப் போடலாம்.

குவார்ட்ஸ் பார்க்க அழகு, தண்ணீர் உறிஞ்சாது, பராமரிப்பும் குறைவு. ஆனால் அது மலையிலிருந்து அப்படியே அறுத்த கல் இல்லை. குவார்ட்ஸ் தூளோடு பிசின் கலந்து அழுத்திச் செய்த பலகை. அந்தப் பிசினுக்குச் சூடு ஆகாது. சுமார் 150 டிகிரி தாண்டினாலே ஆபத்து, பூரி சுட்ட வாணலியோ அதைவிடக் கூடுதல் சூட்டில் இருக்கும். ஒருதரம் வைத்தாலே மஞ்சளாகத் தடம் விழலாம். வெயில் நேராக அடிக்கிற ஜன்னலோரத்துக்கும் சரிப்படாது. எப்போதும் பிரிமணையோ மரப்பலகையோ போட்டு வைக்கிற பழக்கம் உள்ள வீடு என்றால் மட்டும் வாங்குங்கள்.

என் கணக்கில் நம் சமையலுக்குக் கருப்பு அல்லது அடர்நிறக் கிரானைட்தான். ஆந்திராவின் சீமகுர்த்தியிலிருந்து வரும் பிளாக் கேலக்ஸி மாதிரிக் கற்கள் நெருக்கமானவை, லேசில் எதையும் உறிஞ்சாது. வெளிர்நிறக் கிரானைட்டில் பல வகை எண்ணெயையும் மஞ்சளையும் குடித்துவிடும். அதற்கு சீலர், அதாவது கல் உறிஞ்சாமல் தடுக்கிற பூச்சு, அடிக்க வேண்டும், அவ்வப்போது திரும்பவும் அடிக்க வேண்டும்.

சரி, கடையில் எப்படிச் சோதிப்பது? அதே கல்லில் ஒரு துண்டு கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு மூலையில் தண்ணீர், இன்னொரு மூலையில் எண்ணெயில் குழைத்த மஞ்சள், நடுவில் எலுமிச்சைச் சாறு விட்டு, தண்ணீரைக் கால் மணி நேரத்திலும் மற்றதை மறுநாள் காலையிலும் துடைத்துப் பாருங்கள். தண்ணீர் நின்ற இடம் கருத்திருந்தால் கல் உறிஞ்சுகிறது. அப்புறம் வெள்ளைத் துணியில் நெயில் பாலிஷ் ரிமூவர் தொட்டு அழுத்தித் தேயுங்கள். துணியில் கருப்பு வந்தால் அது சாயம் ஏற்றிய கல், நாள்பட வெளுக்கும், விட்டுவிடுங்கள்.

ஸ்லாபை எடுக்கும்போது மேலே தண்ணீர் ஊற்றிக் காயவிடச் சொல்லுங்கள். மற்ற இடமெல்லாம் காய்ந்த பிறகும் மயிரிழை மாதிரி ஒரு கோடு ஈரமாகவே நின்றால் அங்கே விரிசல் இருக்கிறது. பின்பக்கமும் பாருங்கள், வலை ஒட்டியிருந்தால் ஏன் என்று கேளுங்கள், வலுவில்லாத கல்லுக்குத்தான் பெரும்பாலும் ஒட்டுவார்கள். தடிமனை டேப் வைத்து நீங்களே அளங்கள். 18 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, 20 என்றால் நல்லது. 20 மில்லிமீட்டர் கல் சதுர அடிக்குச் சுமார் 5 கிலோ கனம், அதனால் கீழே மாடுலர் பெட்டி மட்டும் என்றால் அது தாங்குமா என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

நல்ல கல்லையும் கெடுப்பது வெட்டும் வேலைதான். ஹாப் (மேடையில் பதிக்கிற அடுப்பு), சிங்க் ஓட்டைகளின் மூலை கூர்மையாக இருந்தால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும், அதனால் மூலையில் முதலில் டிரில் போட்டு வளைவாக வெட்டச் சொல்லுங்கள். ஓட்டைக்கும் முன்விளிம்புக்கும் நடுவே மூன்று அங்குலமாவது கல் நிற்கட்டும். இரண்டு கல் சேரும் இணைப்பு சிங்க் பக்கம் வரவே கூடாது. விளிம்புக்கு அடியில் ஒரு சின்னக் காடி வெட்டினால் வழிகிற தண்ணீர் கதவில் இறங்காமல் அங்கேயே சொட்டிவிடும்.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். எந்தக் கல்லானாலும் தண்ணீர் ஊற்றித்தான் வெட்ட வேண்டும், வீட்டுக்குள் உலர்வாக வெட்ட விடாதீர்கள். அந்தத் தூளில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் தங்கினால் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் வரும், அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. குவார்ட்ஸ் பலகையில் சிலிக்கா இன்னும் அதிகம். தொழிலாளிகள் இதனால் நோயாளிகள் ஆனதைப் பார்த்துத்தான் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அதைத் தடையே செய்துவிட்டது. வெட்டுகிறவருக்கு மாஸ்க் இல்லை என்றால் நீங்களே நல்லதாக ஒன்று வாங்கிக் கொடுங்கள், வேலை அரை நாள் தள்ளிப்போனாலும் பரவாயில்லை.